திட்டக்குடி வானம்

அந்தி நேரத்து மஃரிப் தொழுது முசல்லாவை மடித்து வைத்ததும் அஜீசுன்னிசா முதலில் கையில் எடுப்பது தன் கணவரின் போனைத்தான். அதில் சோலார் ஆப்பைத் திறந்தால் ஒரே ஒரு வரி இருக்கும். அந்தோணிசாமி கல் கம்பெனி, திட்டக்குடி. இன்றைய உற்பத்தி, நூற்றுப் பதினெட்டு யூனிட்.

அதை அப்படியே வாட்ஸ்அப்பில் அடிப்பாள். "இன்னைக்கு 118."

அனுப்பிவிட்டுக் காத்திருப்பாள். ஐந்து நிமிடத்தில் வரும், சில நாள் அரைமணி ஆகும். ஆனால் பதில் வராமல் இருக்காது.

"மேக்கால செக்கச்செவேல்னு கெடக்கு பாய். நாளைக்கும் காயும்."

அந்தப் பதில் பாய்க்கு. பாய் இறந்து ஏழு மாதமும் சில நாட்களும் ஆகிவிட்டன. அந்தச் செய்தி மட்டும் திட்டக்குடிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

லியாக்கத் அலி பதினெட்டு வருஷம் சார்ஜாவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஊருக்கு வந்து சிதம்பரத்தில் ரயிலடிக்குப் போகும் வழியில் ஒரு கடை போட்டார். கூரையில் சோலார் பேனல் வைத்துக் கொடுக்கும் வேலை. ஆரம்பத்தில் சிரித்தார்கள். "பாய் வெயிலை விக்கிறாரு" என்று டீக்கடையில் பேச்சு. அப்புறம் ஒரு லாட்ஜ் வைத்தது, ஒரு கல்யாண மண்டபம் வைத்தது, காட்டுமன்னார்கோயிலில் இரண்டு ரைஸ் மில் வைத்தன. முப்பத்திநான்கு கூரை ஆனது.

அவருக்கு ஒரு பழக்கம். மஃரிப் தொழுகை முடிந்ததும் முப்பத்திநான்கு பேருக்கும் அன்றன்றைய யூனிட்டை அனுப்பிவிட வேண்டும். ஆப் எல்லாருடைய போனிலும் இருக்கிறது, அவரவரே பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் கேட்க மாட்டார்.

"பாக்க மாட்டானுங்க அஜீசு. ஒரு மாசம் பாப்பானுங்க, அப்புறம் அது பாட்டுக்கு மேல கெடக்கும். நம்ம ஆளு ஒருத்தன் தெனமும் கூரைய எட்டிப் பாக்குறான்னு அவனுக்குத் தெரியணும்."

கடைசி இரண்டு வருஷம் சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. போனைக் கையகலத்தில் வைத்தாலும் எழுத்து கலங்கியது. அதிலிருந்து அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், அவள் அடிப்பாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான். ஆனாலும் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள். தப்பில்லாமல் அடிப்பாள். மாவுப் பொட்டலம் மடித்த காகிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவாள் என்று அவர் கேலி செய்வார்.

அவர் சொல்வது சுருக்கமாக இருக்கும். எண். வேண்டுமானால், பேனலைக் கழுவுங்க. அவ்வளவுதான். சில நாள் அவள் தானாக ஒன்றைச் சேர்த்துவிடுவாள். அந்தோணிசாமிக்கு ஒருமுறை "சாப்பிட்டாச்சா?" என்று சேர்த்தாள்.

"ராத்திரிக்கு ரசஞ்சோறு பாய்" என்று பதில் வந்ததும் லியாக்கத் அலிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னா புள்ள, கஸ்டமர்கிட்ட சோறு வெசாரிக்கிற? நாளைக்கு நம்மள விருந்துக்குக் கூப்புடப் போறான்."

சொன்னாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தோணிசாமி, திட்டக்குடிக்குப் பக்கத்தில் நெய்வேலிச் சாம்பலில் கல் செய்கிறவர். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. சாம்பலும் சிமெண்டும் கிரஷர் பொடியும் கலந்து மிஷினில் அழுத்தி எடுத்தால் சாம்பல் நிறத்தில் கல் வரும். அந்த மிஷின் ஓயாமல் இடித்து இடித்து அவருடைய காதைக் கெடுத்துவிட்டது. போனில் பேச அவரால் முடியாது. அதனால் எழுத்துதான். மற்ற முப்பத்திமூன்று பேரும் எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போடுவார்கள். அந்தோணிசாமி மட்டும் எண்ணுக்குப் பதிலாக வானத்தை எழுதி அனுப்புவார். வெள்ளாற்றுப் பக்கம் மின்னுகிறது, வடக்கே புழுதிக்காற்று, இன்றைக்கு நிலாவுக்கு வட்டம் கட்டியிருக்கிறது.

புயல் வந்த அந்த டிசம்பரில் லியாக்கத் அலி விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குமுன் கை கால் கழுவி ஒளு செய்யக் குழாயடிக்குப் போனவர் அங்கேயே சரிந்தார். ஊரே தண்ணீரில் நின்றது. மேற்கே போகும் ரோடெல்லாம் உடைப்பு. மகன் அசாருதீன் துபாயிலிருந்து கிளம்பப் பார்த்தான், விமானம் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கேட்ட தூரத்தில் இருந்தவர்கள் வந்தார்கள். பிற்பகல் அஸருக்கு முன்னால் அடக்கம் முடிந்துவிட்டது.

அவள் இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள். வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. உட்கார்ந்த அறைக்கு ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அலமாரியில் இருந்த போன் கூப்பிட்டது.

"மூணு நாளா கணக்கு வரல பாய். மழைன்னாலும் சைபர்னு போடுவீங்களே. ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

அவள் எடுத்தாள். பாய் இல்லை என்று அடிக்கத்தான் எடுத்தாள். அல்லா சாட்சி. ஆனால் இரண்டு வருஷமாக அந்த நேரத்துக்கு அந்த விரல் செய்து பழகிய வேலை ஒன்று இருந்தது. ஆப்பைத் திறந்தாள். பார்த்தாள். "இன்னைக்கு 9. மழை" என்று அடித்தாள். அனுப்பிவிட்டாள்.

"அப்பாடா" என்று பதில் வந்தது. "இங்கயும் அடிச்சு ஊத்துது. வானமே தெரியல."

ஒருநாள் தானே என்று நினைத்தாள். மறுநாளும் ஒருநாளாகவே தெரிந்தது.

மற்றவர்களெல்லாம் உள்ளூர், பக்கத்து ஊர். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆள் போனபின் சர்வீசுக்கு வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வதில் குற்றமில்லை. ஒவ்வொருவராக மாறினார்கள். யாராவது மாறும்போது ஆப்பில் ஒரு வரி காணாமல் போகும். முதலில் லாட்ஜ் போனது. பிறகு மண்டபம். ஒரே வாரத்தில் இரண்டு ரைஸ் மில்லும் போயின. முப்பத்திநான்கு, பத்தொன்பது ஆகி, ஏழாகி, பங்குனியில் ஒன்றாக நின்றது.

இத்தா முடிந்த அன்று குளித்து, வெள்ளைத் துணியை மாற்றி, வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்தாள். இனி திட்டக்குடிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதும் நினைத்தாள். அன்று மாலை அந்தோணிசாமி எழுதியிருந்தார்: "கெழக்கால ஒரு துண்டு மேகம், ஆட்டுக்குட்டி மாதிரி." நான்கு மாதமும் பத்து நாளும் அவள் பார்த்த வானம் இதுதான். சொன்னால் இது நின்றுவிடும்.

அசாருதீன் வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவான். "அம்மா, அத்தா நம்பர எதுக்கு இன்னும் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டிருக்க? கம்பெனிக்கே திருப்பிக் குடுத்துடும்மா."

"மாசக் கடைசியில பாக்கலாம்ப்பா."

"போன மாசமும் இதத்தான் சொன்ன."

ஜூலையில், ஒரு திங்கட்கிழமை, எண்ணை அனுப்புவதற்கு முன்பே செய்தி வந்திருந்தது. நீளமான செய்தி.

"பாய், பெரிய சங்கதி. கடலூர்ல நெல்லிக்குப்பம் ரோட்டுல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீசு கட்டுறான். பசுமைக் கட்டடம்னு சர்டிபிகேட் வாங்கப் போறானாம். நாலு லட்சம் கல்லு. நம்ம கல்லு சூரிய கரண்டுல செஞ்சதுன்னு சோலார் போட்டவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். மெட்ராஸ்லேருந்து ஒரு பொண்ணு வருது செக் பண்ண. வியாழன் பதினோரு மணி. நீங்க வந்தே ஆவணும். இந்த ஆர்டர் வந்தா மழைக்காலம் முழுக்க பதினாறு பேருக்கு வேலை. உங்கள பாத்தும் நாளாச்சு."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு நூற்றுநான்கு யூனிட். அனுப்பவில்லை.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்து லெட்டர்பேடை எடுத்தாள். தலைப்பில் ஒரு சூரியன், கீழே லியாக்கத் சோலார் சர்வீஸ். ரப்பர் ஸ்டாம்பும் இருந்தது. மை காய்ந்திருந்தது, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். கடைசிக் காலத்தில் காகிதத்தில் எந்த இடம் என்று தெரியாமல் அவர் தடுமாறும்போது அவள்தான் கையைப் பிடித்துப் புள்ளியில் வைப்பாள். அந்தக் கையெழுத்து அவளுக்குள்ளும் இறங்கியிருந்தது. முதல் எழுத்தில் ஒரு சுழிப்பு, கடைசியில் ஒரு கோடு. போட்டு, கடிதத்தைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பி, "உடம்பு முடியல, வர இயலாது" என்று ஒரு வரி எழுதினால் காரியம் முடிந்துவிடும். பதினாறு பேருக்கு வேலை. சாயங்காலத்துக்கு வானம்.

கடிதத்தை அழகாக எழுதினாள். இன்ன தேதியில் இத்தனை கிலோவாட் பொருத்திக் கொடுத்தது உண்மை என்பது வரை எழுதினாள். இப்படிக்கு என்று எழுதினாள். பேனாவைப் புள்ளியில் வைத்தாள்.

கை ஓடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவரை அது அவருடைய கையெழுத்து. இப்போது பிடிப்பதற்குக் கையில்லை. அவருடைய போனில் எழுதுவது வேறு என்று ஏழு மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு இல்லை என்று அந்தப் புள்ளியில் தெரிந்துவிட்டது. காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"வியாழன் வரேன்" என்று அன்று மாலை அனுப்பினாள். இரண்டே சொல், அதில் பொய்யில்லை.

வியாழக்கிழமை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியூருக்குத் தனியாகப் போவது அதுதான் முதல்தடவை. கண்டக்டர் இரண்டு டிக்கெட்டா என்று கேட்டார். பக்கத்து இருக்கையில் பையை வைத்திருந்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புதுச்சத்திரம் தாண்டியதும் வீட்டுக் கூரைகளைப் பார்த்தபடி வந்தாள். எந்தக் கூரையில் பேனல் இருக்கிறது, எது தெற்கே பார்க்கிறது, எதில் மரநிழல் விழுகிறது என்று கண் தானாகவே கணக்கெடுத்தது. அவரோடு போகும்போதெல்லாம் அவர் அதைத்தான் பேசிக்கொண்டு வருவார். ஓரிடத்தில் நல்ல சரிவு, நல்ல கூரை. யாரிடம் சொல்வது.

கட்டடம் மூன்று மாடிக்கு எழும்பியிருந்தது. வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

"யாரப் பாக்கணும்?"

"அந்தோணிசாமி அண்ணன். கல்லு கம்பெனி."

"உள்ள போங்க பாயம்மா. தலையில போட ஹெல்மட் தருவான், போட்டுக்குங்க. பசுமைக் கட்டடம், பசுமைக் கட்டடம்னு சொல்றானுங்க, நானும் எட்டு மாசமா பாக்குறேன், ஒரு எடத்துலயும் பச்ச கலர் அடிக்கல."

உள்ளே கலவை மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரு தார்ப்பாய் நிழலில் அந்தோணிசாமி நின்றிருந்தார். ஒரே ஒருமுறை கடைக்கு வந்தபோது டீ கொடுத்திருக்கிறாள். அதே ஆள்தான். துவைத்த வெள்ளைச் சட்டை, நகக்கணுவில் சாம்பல். மாதிரிக்கு இரண்டு கல்லைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தனக்குக் கேட்காததால் எல்லாருக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"வாங்க வாங்க பாயம்மா! பாய் எங்க? வண்டி நிறுத்துறாரா?"

"அவங்க இல்லண்ணே."

"ஆங்?"

"அவங்க இல்ல."

அவர் காதருகே கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "மிஷினு சத்தம். நமக்கு இல்லன்னாலும் கேக்காது! அவரு வரட்டும், சாவகாசமா பேசலாம்." அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

தொண்டையைத் திறந்து கத்தியிருக்கலாம். இறந்துவிட்டார் என்ற அந்தச் சொல்லை அவள் இதுவரை மெதுவாகக்கூட யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் அவளிடம் சொன்னார்கள். அங்கே கிடந்த கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். பையிலிருந்து அவருடைய போனை எடுத்தாள். அடித்தாள்.

"லியாக்கத் அலி டிசம்பர் மாதம் புயல் சமயத்தில் இறந்துவிட்டார். அன்றுமுதல் உங்களுக்கு எழுதியது நான். அஜீசுன்னிசா."

இரண்டடி தூரத்தில், அந்தோணிசாமியின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். அனுப்பியவர் பெயரைப் பார்த்துச் சிரித்தபடியே, "பாருங்க, வழி கேக்குறாரு போல" என்றார். கண்ணாடியை மாட்டினார்.

படித்தார். கல் இரண்டையும் கீழே வைத்தார். திரையை விரலால் மேலே தள்ளினார், இன்னும் மேலே தள்ளினார். நிலா வட்டம், ஆட்டுக்குட்டி மேகம், எல்லாம் ஓடியிருக்கும். மறுபடி கீழே வந்து படித்தார். பிறகு அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நேத்தி அனுப்புனது?"

தலையாட்டினாள்.

"பிரிசில்லா நாளன்னிக்கி..." குரல் முதல்முறையாகத் தணிந்தது. பிரிசில்லா அவர் மனைவி. போய் ஆறு வருஷம். பிப்ரவரியில் அவர் எழுதியிருந்தார், கல்லறையில் மெழுகுவத்தி நிற்கவில்லை பாய், காற்று, ஏற்ற ஏற்ற அணைகிறது என்று. "சுத்தியும் கல்லு வச்சு ஏத்துங்கன்னு சொன்னது?"

தலையாட்டினாள்.

"ஆம்பளகிட்ட சொல்றோம்னு நெனச்சில்ல சொன்னேன். பொண்டாட்டி போனவன் பொலம்பல் அது."

அவள் அடித்தாள். அவர் பையில் போன் அதிர்ந்தது. "கடைசி ரெண்டு வருஷமும் அவங்களுக்குக் கண் தெரியாது. அவங்க சொல்வாங்க, நான் அடிப்பேன். டிசம்பருக்கு அப்புறம் சொல்ல ஆள் இல்லை."

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டவில்லை.

"நீந்தியாவது வந்திருப்பேனே பாயம்மா. ஒரு புடி மண்ணு போட்டிருப்பேன். எட்டு வருஷப் பழக்கம். அந்த மனுசன் மண்ணுக்குள்ள கெடக்காரு, நான் இங்க உக்காந்துக்கிட்டு மேகம் இருக்கு, மின்னல் அடிக்குதுன்னு... என்னைய என்னான்னு நெனச்சீங்க?"

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

மெட்ராஸிலிருந்து வந்த பெண் அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சத்யப்பிரியா என்று கழுத்தில் அட்டை தொங்கியது. முப்பது வயது இருக்கும். கையில் டேப்லெட். "கல்லு சப்ளையர் சார் நீங்கதானே? சோலார் இன்ஸ்டாலர் வந்துட்டாரா?"

அந்தோணிசாமி திரும்பவில்லை. அவருக்குக் கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார். அஜீசுன்னிசா எழுந்து நின்றாள்.

"அவரு என் வீட்டுக்காரரும்மா. மவுத்தாயிட்டாரு. செத்துப் போயிட்டாரு."

கலவை மிஷினுக்கு மேலே கேட்கிற மாதிரிதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அது எவ்வளவு சின்னச் சொல் என்று இருந்தது.

சத்யப்பிரியா டேப்லெட்டைத் தாழ்த்தினாள். "சாரிம்மா. தெரியாது." அப்புறம், வேலையை விடவும் முடியாமல், "சிஸ்டம் டேட்டா இப்ப யார்கிட்ட இருக்கு?" என்றாள்.

"என்கிட்ட. வச்ச நாள்லேருந்து தெனமும் இருக்கு. நாந்தான் பாக்குறேன்."

போனைக் கொடுத்தாள். சத்யப்பிரியா மாதம் மாதமாகத் தள்ளிப் பார்த்தாள். தன் டேப்லெட்டில் எதையோ ஒப்பிட்டாள். "டிசம்பர்ல பத்து நாளு பத்து யூனிட்கூட இல்லியே. ஆனா கல்லு போட்டிருக்காங்கன்னு ரிஜிஸ்டர்ல இருக்கு."

"அது ஈ.பி. கரண்டும்மா. மழையில சோலார் எங்க ஓடும்?"

"சப்ளையர் நூறு பர்சென்ட் சோலார்னு எழுதிக் குடுத்திருக்கார்."

அஜீசுன்னிசா அந்தோணிசாமியின் முதுகைப் பார்த்தாள். நாலு லட்சம் கல். ஆனால் இன்றைக்கு அவள் வந்தது இன்னொரு பொய்க்கு இல்லை. "நூறு இல்லம்மா. வருசத்துக்கு எழுபத்தொண்ணு, எழுபத்திரண்டு வரும். அவ்வளவுதான் நான் எழுதித் தருவேன்."

"அறுபதுக்கு மேல இருந்தா போதும்மா, ஏத்துக்குவாங்க. நூறுன்னு எழுதுனாத்தான் மாட்டுவாங்க." சத்யப்பிரியா ஒரு படிவத்தை நீட்டினாள். "இன்ஸ்டாலர் எடத்துல நீங்க போட முடியாது. ரெக்கார்டு வச்சிருக்கவங்கன்னு இங்க ஒரு எடம் இருக்கு. உங்க பேரப் போடுங்க. அவர் பேருக்கு முன்னாடி லேட்னு போட்டுடுங்க."

கல் அடுக்கின் மேல் காகிதத்தை வைத்து எழுதினாள். அஜீசுன்னிசா. க/பெ. லேட் லியாக்கத் அலி. தன் பெயரைவிட அந்த இரண்டெழுத்துக்கு நேரம் ஆனது.

"இன்னொண்ணும்மா. இறந்தவர் லாகின்ல டேட்டா இருக்குன்னா மேல கேள்வி கேப்பாங்க. இப்பவே ஓனர் பேருக்கு மாத்திடுங்க. அஞ்சு நிமிசம்தான்."

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்திருந்தாள். அந்தோணிசாமி கோபப்படுவார், பேசாமல் போவார், ஆர்டர் போகும். இந்த ஒரு வரி போகும் என்று மட்டும் நினைக்கவில்லை.

"நாளைக்குப் பண்ணா ஆகாதா?"

"நான் இன்னிக்கே அனுப்பணும்மா."

மாற்று என்பதை அழுத்தினாள். புதிய உரிமையாளரின் எண்ணைக் கேட்டது. மனப்பாடமாகத் தெரிந்த எண்தான். அடித்தாள். ஆறு இலக்க ஓடிபி அந்தோணிசாமியின் போனுக்குப் போயிற்று. சத்யப்பிரியா அவர் தோளைத் தொட்டுச் சைகையில் சொன்னாள். அவர் போனை நீட்டினார். முகத்தைக் கட்டடத்தின் பக்கம் வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். அஜீசுன்னிசா பார்த்து ஒவ்வொன்றாக அடித்தாள்.

வரி போய்விட்டது. வெள்ளைத் திரையில், நிலையங்கள் ஏதும் இல்லை என்று இருந்தது. புதிதாகச் சேர்க்க கீழே அழுத்தவும்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கலவை மிஷினை நிறுத்தினார்கள். திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றதில் காதே அடைத்த மாதிரி ஆயிற்று. அந்தோணிசாமி கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். நாலடி போனவர் நின்றார்.

"எங்க அடக்கம் பண்ணீங்க?"

"பள்ளிவாசலுக்குப் பின்னால, கபுறுஸ்தான்லண்ணே." உரக்கச் சொன்னாள்.

"போயிப் பாத்தீங்களா?"

"எங்க பக்கம் பொம்பளைங்க போறதில்ல."

அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். போய்விட்டார். எப்படிப் போவீர்கள் என்று கேட்கவில்லை, சாப்பிட்டீர்களா என்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லைதான்.

அன்று மஃரிப் தொழுதாள். முசல்லாவை மடித்தாள். போனை எடுத்தாள். ஆப்பைத் திறந்தால் அந்த வெள்ளைத் திரை. அங்கே எண் இப்போது அவருக்கே தெரியும். அனுப்ப ஒன்றுமில்லை. இருந்தாலும் வாட்ஸ்அப்பைத் திறந்து, அந்தோணிசாமி பெயருக்குக் கீழே பார்த்தாள். சற்றுமுன் வந்து போயிருந்தார். எழுதவில்லை.

இரண்டாம் நாள் மாடிக்கு ஏறினாள். பல மாதமாக ஏறாத மாடி. சிதம்பரத்துக்கு மேலேயும் வானம் இருந்தது. மேற்கே கொஞ்சம் சிவப்பு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அதை எப்படிச் சொல்வது என்று பார்த்தாள். செக்கச்செவேல் என்றால் அவர் சொன்னது. தனக்கென்று ஒரு சொல் வரவில்லை. இறங்கி வந்து சோறு வடித்தாள். ஒருத்திக்கு எவ்வளவு அரிசி என்பது இன்னும் கைக்குப் பிடிபடவில்லை, மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை மகன் கூப்பிட்டான். "குடுத்துட்டியாம்மா நம்பர?"

"மாசக் கடைசியில."

"சரி" என்றான். அவனும் அலுத்துவிட்டிருந்தான்.

இப்படிப் பத்தொன்பது நாள். ஆடிக்காற்று ஆரம்பித்துவிட்டது. மாடிக்கொடியில் போட்ட துணி நிற்காமல் அடித்துக்கொண்டது. இருபதாம் நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் கூப்பிட்டது. முறத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைக்காமலே போனாள்.

"காலையில மொத லோடு கடலூர்ல எறக்கிட்டு அப்படியே சிதம்பரம் வந்துட்டு, இப்பத்தான் வீடு சேந்தேன். பள்ளிவாசல் மோதினார் எடத்தக் காட்டுனாரு. ஒரு புடி மண்ணு போட்டேன். தலமாட்டுல செடி ஒண்ணு நல்லா வந்திருக்கு. தண்ணி ஊத்துனேன். வெயிலு ஜாஸ்தி. மேல ஒரு மேகம் இல்ல."

பாய் என்று ஆரம்பிக்கவில்லை. பாயம்மா என்றும் இல்லை. யாருக்கு எழுதினார் என்று தெரியவில்லை. அனுப்பிய நேரத்தைப் பார்த்தாள். இப்போதுதான். காலையில் லாரியில் வந்து, கபுறுஸ்தானில் நின்று, திரும்பி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் எழுதியிருக்கிறார். இரண்டு தெரு தள்ளி வந்து போயிருக்கிறார். அந்த நேரத்தில் அவள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்திருப்பாள். ஒருவேளை சாம்பல் படிந்த வெற்று லாரி ஒன்று தெருமுனையைத் தாண்டியிருக்கும். கவனிக்கவில்லை.

மூன்றுமுறை படித்தாள். தலைமாட்டில் செடி இருப்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அசாருதீன் பிறகு லீவில் வந்தபோதும் சொல்லவில்லை. ஆம்பளைகள் போவார்கள், வருவார்கள், துஆ செய்ததாகச் சொல்வார்கள். அங்கே என்ன முளைத்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள்.

"சாப்பிட்டீங்களா" என்று அடித்தாள். அழித்தாள். "மன்னிச்சுக்குங்க" என்று அடித்தாள். அதையும் அழித்தாள். வெளியே பள்ளிவாசலில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பாங்கு சொல்லப் போகிறார்கள்.

"என்ன செடிண்ணே?" என்று அடித்தாள். அனுப்பினாள்.

ஒரு டிக் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. இரண்டும் சாம்பல் நிறத்தில் நின்றன. அவள் போனைச் சார்ஜில் போட்டு, திரை தெரியும்படி சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒளு செய்யக் குழாயடிக்குப் போனாள்.